விட்டது

டெரெக் அந்தச் சொல்லை முதலில் சொன்னது
அம்பகாமத்தில், காலை ஆறரை மணிப் பாதுகாப்பு உரையில்.
பழைய பங்கர் கண்டால் இறங்க வேண்டாம், அது கோஃப்.
நான் மொழிபெயர்ப்பாளர். வாயைத் திறந்தேன்,
தமிழ் வரவில்லை.
முகக்கவசங்களை உயர்த்திப் பிடித்தபடி
பதினெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
"இறங்கக் கூடாதாம்" என்றேன்.
விழுங்கின பாதி
மத்தியானம் வரைக்கும் தொண்டையில் நின்றது,
திரளி முள் மாதிரி.

பிளேன்ரீ நேரம் கேட்டேன்.
அவர் தகப்பன் முப்பத்தொரு வருடம்
நிலக்கரிச் சுரங்கத்தில்.
நாலு நெருப்புக்குச்சியை மண்ணில் குத்தி
மேலே ஒரு மாரி பிஸ்கற்றை வைத்தார்.
இது முட்டு, இது கூரை. கரி எடுத்தாயிற்று.
ஆட்கள் முன்னுக்குப் போகப் போகப்
பின்னால் நிற்கிற முட்டுகளைக் கழற்ற வேணும்.
கூரை விழும். விழத்தான் வேணும்.
விழாமல் தொங்கினால் அவ்வளவு பாரமும்
ஆள் நிற்கிற பக்கம் வந்து குந்தும்.
ஒரு குச்சியை இழுத்தார். பிஸ்கற் சரிந்தது.
மண்ணை ஊதிவிட்டுத் தேநீரில் தோய்த்தார்.
பின்னால் விழுந்து கிடக்கிறதே, அதுதான் கோஃப்.
ஒருவரும் உள்ளே போவதில்லை,
அங்கே காற்றும் கெட்ட காற்று.
பல்லெல்லாம் பிடுங்கிய பிறகு தகப்பன்
வாயை ஆவென்று திறந்து காட்டி
அதையே சொல்லுவாராம்.

கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.
பாழ் என்று எழுதினேன். பாழுக்குள் ஆடு மேயும். வெட்டினேன்.
வெறுமை கவிஞர்களின் சாமான்.
குடைவு என்றால் இன்னும் திறந்து கிடக்கிறது.
வேறொரு சொல்லையும் எழுதினேன், இந்தப் பக்கத்தில்
எவருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லாத சொல்.
அந்தத் தாளையே கிழித்தேன்.
கலைநிதி எட்டிப் பார்த்து
"தூர்ந்தது எண்டு போடுங்கோவன்" என்றாள்.
கிணறு தூரும், குளம் தூரும், யாரும் கை வைக்காமலே.
இதற்கு ஒரு கை வேண்டும்.

பத்மசீலி கையுறையோடே ரீ குடிக்கிறவள்.
"எங்கட வளவிலையும் ஒண்டு கிடக்கு" என்றாள்.
"திரும்பி வந்த மாசம், கொட்டில் போட மரம் இல்லை.
பங்கருக்கு மேல நாலு பனங்குத்தி, ஒரு பழுதும் இல்லை.
இவர் கயிறு கட்டி ரக்ரரில இழுத்தார்.
மூண்டு வந்திது.
நாலாவதோட எல்லாம் இருந்திட்டுது."
உள்ளுக்கு என்ன கிடந்தது?
"எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு."
கிளாசின் அடியில் கரையாத சீனியைச் சுழற்றினாள்.
"மற்றது விட்டது.
மோனுக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான்,
விட்டதடிக்குப் போகாதை,
பந்து போனால் போகட்டும் எண்டு."

மழை விட்டது. காய்ச்சல் விட்டது. பள்ளிக்கூடம் விட்டது.
இத்தனை நாளும் நான் சொன்னதிலெல்லாம்
மழையோ காய்ச்சலோ தானாக எங்களை விட்டது.
பத்மசீலியின் சொல்லில் மட்டும்
கயிற்றின் மறுமுனையில் ஆள் நிற்கிறது.

ஜெனரேற்றர் நிற்க முதல் தட்டி முடித்தேன்:
விட்டது, பெயர்ச்சொல்.
எடுக்க வேண்டியதை எடுத்த பின்
முட்டுக் கழற்றி விழவிட்ட இடம்.
உள்ளே போகக் கூடாது.

கொழும்பிலிருந்து செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு எழுத்தில்:
இது வினைமுற்று. பெயர்ச்சொல் தரவும்.
பதில் போடவில்லை.
அன்றைக்குத்தான் ஏழாம் பாதையில்
ஒரு பங்கரின் வாய் தெரிந்தது, பாலைமரத்துக்குக் கீழே,
சிவப்புத் தலைத் தடிகளுக்கு அந்தப் பக்கம்.
டெரெக் தானே தமிழில் சொல்லிப் பார்த்தார்.
நாக்கு முதல் எழுத்தில் நீண்டுவிட்டது.
"வீட்டது" என்றார், விரலை நீட்டி. "வீட்டது."
பதினெட்டுப் பேரில்
ஒருத்தியும் சிரிக்கவில்லை.
திருத்தவேண்டியது என் வேலை.
விசில் ஊதிவிட்டது,
முகக்கவசத்தை இறக்கினோம்.